பக்கத்து மனைப் பார்த்தீனியம்

போகி அன்று காலை மணவாள நகர் தெருக்களில் ஒரு சுற்று வந்தால் போதும். வாசலுக்கு வாசல் பழைய பாய், கிழிந்த தலையணை, உடைந்த முறம். அதன் பக்கத்திலேயே, தோட்டத்திலும் மதில் ஓரத்திலும் பிடுங்கிக் குவித்த ஒரு பச்சைக் குவியல் கிடக்கும். இடுப்பு உயரச் செடி, காரட் இலை மாதிரி இலை, உச்சியில் கல் உப்பைத் தூவியது போல வெள்ளைப் பூ. பொங்கலுக்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் பிடுங்குகிறார்கள். பிடுங்கியதைத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போய்ப் போடுகிறார்கள். வேலை முடிந்தது என்று நிம்மதியாகக் கை கழுவுகிறார்கள்.

அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே செடி. போதாக்குறைக்கு இழுத்துக்கொண்டு போன வழியெல்லாம் செடி!

அந்தச் செடியின் பெயர் பார்த்தீனியம். பெயர் தெரியாதவர்கள் கூட அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. திருவள்ளூர் ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் ஓரம், கூவம் ஆற்றின் கரை, ஸ்ரீபெரும்புதூர் சாலையின் இரு பக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லைக் கல் நட்டு ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும் வீட்டு மனைகள். அதன் நிரந்தர முகவரி இந்தக் காலி மனைதான்.

களை எடுப்பது பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'வேரோடு பிடுங்குங்கள்' என்று தோட்டக்காரருக்கு அறிவுரை சொல்லி முடித்துவிடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. பார்த்தீனியத்தை ஒழிக்கும் வேலை தோட்டத்துக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அடையாளம்

களை என்று பிடுங்கப்படுவதில் பாதி களையே அல்ல. குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, மூக்கிரட்டை எல்லாம் மருந்துக்கு ஆகும் செடிகள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒரு செடி எதிரி ஆகிவிடாது. மிளகாய், தக்காளி, பப்பாளி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். அவை இல்லாமல் இன்றைக்கு ஒரு வேளைச் சமையல் நடக்குமா? வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழியும் மூக்குத்திப்பூச் செடியும் அங்கிருந்து வந்ததுதான். யாரையும் அது தொந்தரவு செய்வதில்லை.

வந்த இடத்தில் இருப்பவற்றை விரட்டிவிட்டுத் தான் மட்டும் பரவுகிற செடிதான் ஆக்கிரமிப்புக் களை. ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரை, வாய்க்கால் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, காடுகளில் புதராக மண்டும் உண்ணிச்செடி, கண்மாய்களை நிரப்பும் சீமைக்கருவேலம் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. வீட்டுத் தோட்டம் இருக்கும் இடங்களில் இந்தக் கூட்டத்தின் பிரதிநிதி பார்த்தீனியம்.

முளைத்த புதிதில் அது தரையோடு படிந்து, வட்டமாக, செவ்வந்தி நாற்று போல இருக்கும். இந்தப் பருவத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூச்செடி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. சில வாரங்களில் நடுவிலிருந்து தண்டு எழும்பும். தண்டில் நீளவாக்கில் வரி வரியாக மேடு இருக்கும், மெல்லிய ரோமம் இருக்கும். மாசிப்பச்சை இலையும் இதே சாயல்தான். ஆனால் அதைக் கசக்கினால் மணக்கும், இது மணக்காது. (சந்தேகம் இருந்தால் வெறும் கையால் கசக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.) பூ மிகச் சிறியது, கிட்டத்தட்ட மல்லி விதை அளவு. உற்றுப் பார்த்தால் ஐந்து மூலைகள் தெரியும்.

எங்கிருந்து வந்தது?

மெக்சிகோவும் அதைச் சுற்றியுள்ள வெப்ப மண்டல அமெரிக்காவும் இதன் தாயகம். இந்தியாவில் இது பரவுவது 1950-களின் நடுவில் புனேயில் கவனத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் இறக்குமதியான கோதுமையோடு விதை கலந்து வந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. 'காங்கிரஸ் புல்' என்ற பட்டப்பெயரும் அதையொட்டி வந்ததுதான். இந்திக்காரர்கள் இதைக் காரட் புல் என்ற பொருளில் 'காஜர் காஸ்' என்கிறார்கள். கோதுமைக்கு முன்பே இங்கே ஒன்றிரண்டு இடங்களில் இது இருந்தது என்று சொல்லும் தாவரவியலாளர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், வந்த பிறகு நாடு முழுக்கப் பரவ அதற்கு அதிகக் காலம் தேவைப்படவில்லை.

காரணம் அதன் அவசரம். முளைத்து 4 முதல் 6 வாரத்தில் பூக்க ஆரம்பித்துவிடும். ஈரம் இருந்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் முளைக்கும். வேரிலிருந்தும் இலையிலிருந்தும் வெளியாகும் ரசாயனங்கள் பக்கத்துச் செடிகளை முளைக்கவிடாமல் தடுக்கும். ஆடு மாடு சாதாரணமாக இதைச் சீண்டாது. வேறு வழியில்லாமல் தின்ற மாட்டின் பால் கசக்கும்.

மனிதருக்கு வரும் தொந்தரவு இதைவிட மோசம். இந்தச் செடியில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். மகரந்தமும் காய்ந்த செடியின் தூசியும் காற்றில் பறந்து மூக்கையும் மூச்சையும் பதம் பார்க்கும். தொட்ட முதல் நாளே எல்லோருக்கும் எதுவும் வந்துவிடுவதில்லை. அதுதான் ஆபத்து. 'எனக்கு ஒன்றும் செய்யாது' என்று வருடக்கணக்கில் பிடுங்கியவருக்கு ஒரு நாள் கழுத்திலும் இமையிலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பு தொடங்கும். ஒருமுறை உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொண்டால் அதன் பிறகு செடியை நெருங்கினாலே போதும், தோல் தடித்துக் கறுத்துவிடும். புனே பகுதியில் இந்தத் தோல் நோயைப் பற்றி மருத்துவர்கள் 1970-களிலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

விதைக் கணக்கு

வணிகவியல் வகுப்பில் கூட்டு வட்டி படித்தவர்களுக்கு இந்தச் செடியைப் புரிந்துகொள்வது சுலபம்.

நன்றாக வளர்ந்த ஒரு பார்த்தீனியம் 10,000-க்கும் மேல் விதை தரும். 25,000 வரை போகும் என்றும் சொல்கிறார்கள். குறைந்த கணக்காக 10,000 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. சதுர அடிக்கு ஒரே ஒரு செடி என்றாலும் 2,400 செடி. மொத்தம் 2 கோடியே 40 லட்சம் விதை. அதில் நூற்றுக்கு ஒன்று முளைத்தாலும் 2 லட்சத்து 40 ஆயிரம் செடி! அவ்வளவும் அந்த மனைக்குள் இடம் கிடைக்காமல் எங்கே போகும்? பக்கத்து வீட்டுத் துளசி மாடத்துக்கும், எதிர் வீட்டு வாழைப் பாத்திக்கும்தான்.

முளைக்காத விதையும் செத்துப்போவதில்லை. மேலே கிடப்பது சீக்கிரம் கெட்டாலும் மண்ணுக்கடியில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். வேளாண் விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயரே 'விதை வங்கி'. பொருத்தமான பெயர். ஒரு வருடம் பூக்கவிட்டால் பல வருடத்துக்கு வைப்பு நிதி போட்டது போல. ஜே.சி.பி. வைத்து மனையைப் புரட்டுவது அந்த நிதியை இன்னும் ஆழத்தில் பத்திரப்படுத்துகிற வேலை. பிறகு எப்போதாவது கடைக்கால் தோண்டும்போது வட்டியோடு வெளியே வரும்.

விதை பறந்து மட்டும் போவதில்லை. மழைத் தண்ணீரில் மிதந்து போகும், லாரி டயரில் ஒட்டிக்கொண்டு போகும். மனையை உயர்த்தக் கொட்டும் சவுடு மண்ணிலும், கட்டட வேலைக்கு இறக்கும் மணலிலும் கலந்து போகும். தொழிற்சாலைகளுக்கு இரவும் பகலும் லாரி ஓடுகிற, தெருவுக்கு இரண்டு வீடு கட்டிக்கொண்டே இருக்கிற ஒரு பகுதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

லாபம் ஒருவருக்கு, அரிப்பு இன்னொருவருக்கு

மணவாள நகரைச் சுற்றி மனைகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன? விலை ஏறும் என்ற நம்பிக்கைதான். திருவள்ளூர் வரை மின்சார ரயில் ஓடுகிறது. மேல்நல்லாத்தூரிலும் காக்களூரிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கிறது. இன்று வாங்கிப் போட்டால் பிள்ளைகள் காலத்தில் பல மடங்கு ஆகும் என்று வாங்குகிறார்கள். வாங்கியவர் சென்னையில் இருப்பார், பெங்களூரில் இருப்பார், துபாயில் இருப்பார். வருடத்துக்கு ஒருமுறை வந்து கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். கல் பத்திரமாக இருந்தால் அவருக்குப் போதும்.

மனை விலை ஏறினால் லாபம் அவருக்கு. மனையில் பார்த்தீனியம் மண்டினால் செலவு யாருக்கு? பக்கத்து வீட்டில் ஆஸ்துமாவோடு இருக்கும் பாட்டிக்கு. மாதா மாதம் களையெடுக்கக் கூலி கொடுக்கும் குடும்பத்துக்கு. அந்தக் கூலிக்கு வந்து கையுறை இல்லாமல் பிடுங்கிவிட்டு, இரவெல்லாம் கையைச் சொறிந்துகொண்டு படுக்கும் பெண்ணுக்கு.

இதைத்தான் பொருளாதாரப் பாடப்புத்தகம் 'புறவிளைவு' என்கிறது. ஒருவர் செய்வதன் (அல்லது செய்யாமல் விடுவதன்) செலவு சம்பந்தமில்லாத இன்னொருவர் தலையில் விழுவது. இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் பிகு 1920-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். அடுத்தவருக்கு ஏற்படுத்தும் செலவை வரியாக அவரிடமே வாங்கு என்றார். 1960-ல் ரொனால்டு கோஸ் வேறு மாதிரி யோசித்தார். இரண்டு தரப்பும் செலவில்லாமல் உட்கார்ந்து பேச முடிந்தால் அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்றார். பயிர் வைத்தவர், அந்தப் பயிரை மேயும் மாட்டுக்குச் சொந்தக்காரர், இதுதான் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம்.

கோஸ் சொன்னது மணவாள நகரில் நடக்குமா? மாட்டுக்காரரைத் தேடினால் பக்கத்துத் தெருவில் கிடைப்பார். மனைக்காரர் யார் என்று கண்டுபிடிக்கவே வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தாலும் பாதிக்கப்பட்ட பத்து வீடும் சேர்ந்து பேச வேண்டும். ஒன்பது வீடு 'அவர் பேசிக்கொள்வார்' என்று பத்தாவது வீட்டைக் கை காட்டும். கடைசியில் யாரும் பேச மாட்டார்கள். ஆக, மிச்சமிருப்பது பிகு சொன்ன வழிதான்.

ஒன்றையும் மறக்கக் கூடாது. காலி மனை வைத்திருப்பவர் எல்லோரும் பணக்காரர் அல்ல. ஷிப்ட் வேலை பார்த்து, தவணை கட்டி, நகையை அடகு வைத்து ஒரு மனை வாங்கிவிட்டு, வீடு கட்டப் பணமில்லாமல் வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளிகள் இதில் ஏராளம். ஆகவே அபராதம் என்று ஆயிரக்கணக்கில் தீட்டினால் அது அநியாயம். களையெடுக்கும் கூலி எவ்வளவோ அவ்வளவு போதும். ஒரு கிரவுண்டு மனைக்கு வருடத்தில் இரண்டு முறை, ஆளுக்கு ஒரு நாள் வேலை. மனை வாங்கப் போட்ட பணத்தின் முன் இது ஒன்றுமே இல்லை.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய சட்டமே இருக்கிறது. பயிருக்கும் மரத்துக்கும் தண்ணீருக்கும் கேடு செய்யும் பூச்சி, நோய், களை ஆகியவற்றைத் தடுப்பதற்காகச் சென்னை மாகாணம் 1919-ல் ஒரு சட்டம் இயற்றியது. களை என்று அரசு அறிவித்த செடியை நிலத்தை வைத்திருப்பவரே அகற்ற வேண்டும் என்று உத்தரவிட அதில் வழி உண்டு. கர்நாடகம் தன்னுடைய பூச்சி நோய்ச் சட்டத்தின் கீழ் 1975-லேயே பார்த்தீனியத்தைத் தீங்குக் களையாக அறிவித்தது. இது தவிர 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், சுகாதாரக் கேடு உண்டாக்கும் இடத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிக்குத் தந்திருக்கிறது.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை? கர்நாடகத்தைப் பார்த்தாலே தெரியும். அறிவித்து அரை நூற்றாண்டு ஆகியும் அங்கே பார்த்தீனியம் ஒழியவில்லை. அறிவிப்பு மட்டும் களை எடுக்காது.

சீமைக்கருவேலம் கற்றுக்கொடுத்த பாடமும் இதுதான். 1870-களில் விறகுக்காக விரும்பிக் கொண்டுவரப்பட்ட மரம் அது. தமிழகத்தில் அதை வெட்ட வேண்டும் என்று வைகோ தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு, 2017-ன் தொடக்கத்தில் தென் மாவட்டங்களில் மும்முரமாக வேலை நடந்தது. தனியார் நிலத்தில் உள்ளதை உரிமையாளரே அகற்ற வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அதே ஆண்டில், விஞ்ஞான ரீதியாக ஆராயாமல் வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து, உயர்நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்தது. வேரோடு எடுக்காமல் வெட்டிய இடத்தில் மரம் மறுபடி துளிர்த்தது. வெட்டிய இடத்தில் அடுத்து என்ன நடுவது, அதை நம்பிக் கரிமூட்டம் போட்டவர்கள் என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். 2022-ல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் காடுகளின் மீது. புறநகரின் காலி மனை காடும் அல்ல, வயலும் அல்ல. எந்தத் துறையின் பட்டியலிலும் அது வராது.

மருந்து அடித்தால் போதாதா?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. கடையில் ஒரு பாட்டில் களைக்கொல்லி வாங்கி அடித்துவிட்டால் முடிந்தது! நாலு நாளில் எல்லாம் கருகிவிடும். பார்க்கவும் திருப்தியாக இருக்கும்.

கருகியது செடிதான், மண்ணில் இருக்கும் விதை அல்ல. கூடவே அங்கிருந்த துத்தியும் கீழாநெல்லியும் கருகிவிடும். வெறும் மண்ணாகக் கிடக்கும் இடம் பார்த்தீனியத்துக்கு இன்னும் வசதி. பரவலாகப் பயன்படும் கிளைபோசேட் மருந்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் சேர்த்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் புழங்கும் வீடுகளுக்கு நடுவில் இதை விளையாட்டாக அடிக்க வேண்டியதில்லை.

தரிசு நிலத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எளிய வழி ஒன்று சொல்கிறது. 1 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, சிறிது சோப்புத் திரவம் சேர்த்து, பூப்பதற்கு முன் செடி முழுக்க நனையும்படி தெளிக்க வேண்டும். தண்டவாள ஓரம், சாலை ஓரம் போன்ற இடங்களுக்கு இது சரி. தோட்டத்திலும் நாளைக்கு மரம் நட நினைக்கும் மனையிலும் கூடாது. உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

செடியைத் தின்னும் ஒரு வண்டும் உண்டு. மெக்சிகோவிலிருந்து 1983-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து சோதித்து, பெங்களூரில் விட்டார்கள். வெளிர் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட சிறிய வண்டு. 1990-களில் அது சூரியகாந்தியையும் மேய்கிறது என்று சர்ச்சை கிளம்பி, ஆராய்ந்த பிறகு பயமில்லை என்று முடிவானது. மழைக்காலத்தில் இலைகளைச் சல்லடையாக்கிவிடும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். எங்காவது கண்ணில் பட்டால் நசுக்கிவிடாதீர்கள், அது நம் கட்சி. ஆனால் அது மட்டும் போதாது.

சரி, என்னதான் செய்வது?

கையால் பிடுங்குவதுதான். ஆனால் போகிக்கு அல்ல.

ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாநிலங்களுக்கு அது பொருத்தமான நேரம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஆகஸ்டில் ஒரு சுற்று அவசியம்தான், மாலை மழை பெய்கிறதே. ஆனால் பெரிய மழை ஐப்பசியில்தான் வருகிறது. ஐப்பசி முதல் மழையில் முளைப்பது கார்த்திகையில் பூக்கும், மார்கழியில் விதையைக் கொட்டி முடித்துவிடும். தை பிறக்கும் முன் போகிக்குப் பிடுங்கும்போது கையில் வருவது காலிப் பாத்திரம். மிச்சம் ஒட்டியிருக்கும் விதையையும் இழுத்து இழுத்து ஊருக்கு விநியோகம் செய்வதுதான் கண்ட பலன்.

ஆகவே காலண்டரை மாற்ற வேண்டும். தீபாவளிக்கு அடுத்த வாரம் ஒரு சுற்று, அதிலிருந்து மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று. மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும். ஒற்றை ஆணிவேர் என்பதால் இளம் செடி இழுத்தவுடன் வந்துவிடும். பூக்காத செடியைத் தாராளமாக உரக்குழியில் போடலாம், நல்ல தழையுரம். பூத்துவிட்டதென்றால் இழுக்காமல், உதறாமல், அங்கேயே கோணிப்பையில் அடைத்து ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூட ஒரு துணி கட்டாயம். கூலிக்கு ஆள் வைப்பவர் கூலியோடு கையுறையும் கொடுக்க வேண்டும். அறுபது எழுபது ரூபாய்க் கையுறையை மிச்சம் பிடித்து, ஒருவரை ஆயுள் முழுக்கச் சொறிய வைப்பது பாவம். ஏற்கெனவே அரிப்பு வந்தவரை அந்த வேலைக்குக் கூப்பிடவே கூடாது.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடக் கூடாது. துத்தி, கொழிஞ்சி, தகரை, ஆவாரை விதைகளைத் தூவிவிட்டால் அவை முந்திக்கொண்டு வளர்ந்து பார்த்தீனியத்தை அமுக்கும். வீட்டை ஒட்டிய இடமென்றால் துலுக்கச் சாமந்தி. அழகுக்கு அழகு, பூவுக்குப் பூ.

மனைக்காரருக்கு ஒரு வார்த்தை

'என் மனையில் நீங்களே கீரை போட்டுக்கொள்ளுங்கள்' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. களை இருக்காது, மனைக்குக் காவலும் ஆச்சு. ஆனால் மனைக்காரர் சொல்ல மாட்டார். பயம்! இன்றைக்குக் கீரை போடுவார், நாளைக்கு வேலி போடுவார், பன்னிரண்டு வருடம் கழித்து அனுபவப் பாத்தியம் என்று வழக்குப் போடுவார். இந்தப் பயம் கற்பனை அல்ல, இப்படி வழக்குகள் நடந்திருக்கின்றன. அதற்கு வழி எழுத்துதான். உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர், அந்த அனுமதியின் பேரிலேயே எத்தனை வருடம் இருந்தாலும் எதிரிடை அனுபவம் கோர முடியாது. ஒரு தாளில் 'உங்கள் அனுமதியோடு இந்த ஆண்டு பயிர் வைக்கிறேன்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, வருடா வருடம் புதுப்பித்தால் போதும். குடியிருப்போர் சங்கம் சாட்சியாக நின்றால் இன்னும் நல்லது.

இதற்கும் வராத மனைக்கு உள்ளாட்சி என்ன செய்யலாம்? புரட்டாசி முடிவதற்குள் ஒரு நோட்டீஸ். ஐப்பசியில் உரிமையாளர் களையெடுக்காவிட்டால் உள்ளாட்சியே எடுக்கும், கூலியும் கையுறைச் செலவும் அவர் கணக்கில் ஏறும். வரி கட்ட வரும்போதோ, வீடு கட்ட அனுமதி கேட்டு வரும்போதோ பாக்கியைக் கட்டிவிட்டுப் போகட்டும். தேடிப் போக வேண்டியதில்லை, ஒரு நாள் அவரே வந்துதான் ஆக வேண்டும்.

'கூவத்தில் குப்பை கொட்டுகிறார்கள், மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு செடிக்கு இவ்வளவு பேச்சா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கூவத்தைச் சுத்தம் செய்யக் கோடிகள் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். பார்த்தீனியத்துக்கு வேண்டியது சரியான இரண்டு வாரமும் கொஞ்சம் கையுறையும்தான். இதைக்கூடச் செய்ய முடியாத ஊர் கூவத்தைச் சுத்தம் செய்துவிடுமா?

மதிலுக்கு இந்தப் பக்கம் எத்தனை முறை களையெடுத்தாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் பூத்துக்கொண்டிருந்தால் அது விழலுக்கு இறைத்த நீர்தான். வரும் ஐப்பசியில் முதல் மழை விட்டதும் ஒருவர் மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கட்டும். வெள்ளைப் பூ வருவதற்கு இன்னும் நாலு வாரம் இருக்கும்.